சூடான இன்ஜினின் இனிப்பு வாடை

மல்லிகைக்கு மணம், மீனுக்குக் கவிச்சி, பெட்ரோலுக்கு நெடி என்று வாசனைக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி முடித்து நிறுத்தியதும் மூக்கில் ஏறுகிற அந்த இனிப்பு வாடைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அடுப்பில் சர்க்கரைப் பாகு கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டால் வருமே, ஏறக்குறைய அதுதான். குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு இல்லை. வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. மறுநாளும் அதே வாடை.

இந்த நிலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் முள் ஏறவில்லையே என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சிலர் ரேடியேட்டரை மாற்றி, பிறகு ஹோஸ்களை மாற்றி, பிறகு வாட்டர் பம்ப்பை மாற்றி, வாடை போகாமல் சோர்ந்துபோவார்கள். இரு சாராரும் கேட்கத் தவறுவது ஒரே கேள்வியைத்தான்: வாடை எப்போது வருகிறது? எங்கே ஒழுகுகிறது என்று எல்லோரும் தேடுகிறார்கள். எப்போது என்று கேட்டவருக்குத் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது.

முதலில், மணப்பது எது? கூலண்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த திரவம். அத்துடன் துருவையும் அரிப்பையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் சிறிதளவு. எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். ஆகவே சூடான உலோகத்தில் கூலண்ட் பட்டால் தண்ணீர் உடனே ஆவியாகிவிடும். கிளைக்கால் பிசுபிசுப்பாகத் தங்கி மெல்ல மெல்லக் காயும். சுத்தமான கிளைக்காலுக்குத் தனியாக வாசனை அதிகம் கிடையாது. சேர்மானங்களோடு சேர்ந்து சூடாகும்போதுதான் அந்தப் பாகு வாடை கிளம்புகிறது. ஒரு சொட்டாகத் திரளாத அளவே போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். கண் பார்க்க முடியாத கசிவை மூக்கு கண்டுபிடிப்பது இதனால்தான். நம் ஊரில் வெகுகாலம் ரேடியேட்டரில் ஊற்றியது வெறும் குழாய்த் தண்ணீர். அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிய தலைமுறைக்கு இந்த வாடை பழக்கமில்லை. அவர்களுக்குத் தெரிந்த எச்சரிக்கை பானெட்டுக்கு அடியிலிருந்து எழும் நீராவிதான். அது மிகவும் பிந்திய எச்சரிக்கை.

இரண்டாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அழுத்தம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, ஒரு வால்வு. பல பழைய கார்களில் அது 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தத்தில் அதே கலவை 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூடான ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே: மூடி விலகிய நொடியில் உள்ளிருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். அதே மூடிக்குள் எதிர்த் திசையில் திறக்கும் இன்னொரு சிறு வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது சேமிப்புத் தொட்டிக்குப் போன திரவத்தை அது திரும்ப உள்ளே இழுக்கவிடும். காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் அந்தச் சிறு வால்வு அடைத்துக்கொண்டது என்று பொருள். முழு அமைப்பிலும் விலை மலிவான பொருள் இந்த மூடி. அதனாலேயே அதைக் கடைசியில் சந்தேகிக்கிறோம்; முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி, எப்போது என்ற கேள்விக்கு வருவோம். வாடை மூன்று வேளைகளில் வரலாம்: குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது, ஓடும்போது, நிறுத்திய பிறகு. மூன்றிலும் மிகவும் சாதாரணமானது மூன்றாவது. அதற்குக் காரணம் உண்டு. சாவியைத் திருப்பி நிறுத்திய கணத்தில் வாட்டர் பம்ப் நின்றுவிடுகிறது. முன்னால் வீசிய காற்றும் நின்றுவிடுகிறது. ஆனால் சிலிண்டர் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் சேர்ந்த சூடு எங்கும் போகவில்லை. அது தேங்கிநிற்கும் கூலண்டுக்குள் இறங்குகிறது. அடுத்த சில நிமிடங்களுக்கு இன்ஜினுக்குள் வெப்பமும் அழுத்தமும் ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அதிகம். ஓடும்போது மூடிக்கொண்டிருந்த மயிரிழை வெடிப்பு அந்த நேரத்தில் வாய் திறக்கும். வெளியே வந்த ஈரத்தை அடித்துச்செல்லக் காற்றும் இல்லை. ஆகவே வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து பானெட்டைத் திறந்து, டார்ச் விளக்கோடு முகர்ந்து பார்ப்பதுதான் நான் சொல்லும் முதல் சோதனை. செலவில்லாதது, பெரும்பாலும் பலன் தருவது.

குளிரில் மட்டும் ஒழுகி, சூடேறியதும் நின்றுவிடும் கசிவு பலரைக் குழப்பும். அலுமினியம், ரப்பர், பிளாஸ்டிக் மூன்றும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. திருகால் இறுக்கும் கிளாம்ப், ரப்பர் சுருங்கிய இரவில் பிடி தளர்ந்துவிடும். காலையில் கிளப்பியதும் ஹோஸ் முனையில் ஒரு துளி அரும்பும். பத்து நிமிடத்தில் எல்லாம் விரிந்து மூடிக்கொள்ளும். கார்த் தொழிற்சாலைகள் சுருள்கம்பி கிளாம்ப் போடுவது இதற்காகத்தான். ரப்பர் சுருங்கச் சுருங்க அதுவும் கூடவே இறுகும். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு திருகு கிளாம்ப் போட்டவர்கள், வாடை வந்தால் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

ஓடும்போது மட்டும் வரும் வாடை காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொண்டு பேசினால்தான் தெளிவு கிடைக்கும். மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வந்து, 1997 வரை உற்பத்தியான இரண்டு இருக்கைத் திறந்த கார். அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் ஓடியது. உலகில் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இது. இதன் குளிரூட்டும் அமைப்பு எளிமையானது; ஆனாலும் வாடைக்கு வழி பல வைத்திருக்கிறது.

முதலாவது, ரேடியேட்டரின் மேல்தொட்டி. அது கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக். அலுமினியச் சட்டத்தில் ரப்பர் வளையம் வைத்து மடித்துக் கவ்வியிருக்கும். புதிதில் கறுப்பு. ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு அது பழுப்பாகும். பழுப்பில் பச்சை கலந்த ஒரு நிறம் வரும். அந்த நிறம் வந்துவிட்டால் சோதனை எதுவும் வேண்டாம், மாற்றிவிட வேண்டும். நகத்தால் தட்டினால் உடையும் அளவுக்கு அது நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். வெடிப்பு பெரும்பாலும் கவ்விய விளிம்பை ஒட்டி வரும். மெல்லிய நீராவி அங்கிருந்து கிளம்பி, மின்விசிறிக் காற்றில் கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது இடம் நேர் எதிர்ப்பக்கம், இன்ஜினுக்குப் பின்னால், பயணியர் அறையைப் பிரிக்கும் தகட்டை ஒட்டி. இந்தக் காரின் 1.6 லிட்டர் இன்ஜின், முன்சக்கரங்களை இயக்கிய மஸ்டா 323 காரில் குறுக்காக வைக்கப்பட்டிருந்த இன்ஜினின் உறவு. எம்எக்ஸ்-5க்காக அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது தெர்மோஸ்டாட் முன்பக்கம் வந்தது. பின்பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் வழி மட்டும் மிஞ்சியது. அங்கே கை நுழைவதே கடினம். அதே மூலையில்தான் கேம்ஷாப்ட் நிலையைக் கணிக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து போனால் இன்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டாக ஹீட்டர் ஹோஸ் மேல் விழும். ஆயில் பட்ட ரப்பர் ஊறி, மெத்தென்றாகி, ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். கூலண்ட் வாடைக்கு மூலகாரணம் ஆயில் கசிவாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹோஸை மட்டும் மாற்றி வளையத்தை விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் அதே வேலை திரும்ப வரும்.

ஹோஸ் பற்றி இன்னொரு செய்தி. ரப்பர் வெளியிலிருந்து கெடுவதைவிட உள்ளிருந்து கெடுவதே அதிகம். கூலண்டும் ஹோஸும் உலோக முனையும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போல இயங்கி, ரப்பரின் உட்சுவரில் மெல்லிய கோடுகளாக வெடிப்பை உண்டாக்கும். வெளித்தோல் புதிதுபோலவே இருக்கும். ஆறிய ஹோஸை கிளாம்புக்கு அருகே ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் விரலால் அழுத்திப் பாருங்கள். முனையருகே நடுப்பகுதியைவிடத் தளர்வாகவோ உள்ளே பள்ளம் ஓடுவதுபோலவோ பட்டால் அந்த ஹோஸின் காலம் முடிந்தது.

வாட்டர் பம்ப்பின் வயிற்றில் ஒரு சிறு துளை இருக்கும். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது. அச்சின் சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழியட்டும் என்பதற்கான வடிகால். அந்தத் துளையில் காய்ந்த கறை கொஞ்சம் இருப்பது இயல்பு. ஈரம் இருந்தால் பம்ப் விடைபெறத் தொடங்கிவிட்டது. காய்ந்த கறைகளைத் தேடுவதுதான் கசிவைத் தேடுவதன் பெரும்பகுதி: வெள்ளை, பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் உப்புப் பூத்ததுபோன்ற படிவம், கூலண்டின் நிறத்தைப் பொறுத்து.

அறைக்குள் வரும் வாடைக்குத் தனி விசாரணை வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. உள்ளே இனிப்பு வாடை என்றதும் ஹீட்டர் கோர் போய்விட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். அது டாஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். பல கார்களில் அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ஆனால் அறைக்குள் வரும் புதுக் காற்று முன்கண்ணாடியின் அடியில் உள்ள வரிப்பள்ளத்தின் வழியாகத்தான் நுழைகிறது. பானெட்டின் பின்விளிம்புக்கு அது மிக அருகில். பின்பக்க ஹீட்டர் ஹோஸ் கசிந்தால் அந்த ஆவி நேராக அங்கே போய் உள்ளே வரும். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. உள்காற்றையே சுற்றவிடும் நிலைக்கு மாற்றி ஓட்டுங்கள். வாடை குறைந்தால் மூலம் வெளியே. குறையாமல் இருந்தாலோ கூடினாலோ சந்தேகம் ஹீட்டர் கோர் மேல். கோர் கசிந்தால் வேறு சாட்சிகளும் இருக்கும்: முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தால் இழுபடும் எண்ணெய்ப் படலம், ஹீட்டர் போட்டதும் கண்ணாடி மங்குவது, கால்விரிப்பின் அடியில் பிசுபிசுப்பான ஈரம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் கால்விரிப்பை நனைக்கும், ஆனால் அதில் பிசுபிசுப்போ வாடையோ இராது. கூரையைத் திறந்து ஓட்டும்போது இன்னொரு சிக்கல்: அறைக்குள் காற்று பின்னாலிருந்து முன்னோக்கிச் சுழலும். அப்போது வாடை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூக்கு சொல்வதை நம்ப முடியாது. சோதனைக்குக் கூரையை மூடிக்கொள்வது நல்லது.

மற்ற கார்களில் கேள்வி அதேதான்; இடம் மட்டும் மாறும். 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944இல் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் வால்வு. பிளாஸ்டிக்கால் ஆன அது வெடித்தால் கூலண்ட் கிளட்ச் கூடு வழியாக இறங்கி, வேறு எங்கிருந்தோ ஒழுகுவதுபோலக் காட்டும். அதே காரில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்தான் சுழற்றுகிறது. பம்ப் கசிந்து, பேரிங் இறுகி, பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். இனிப்பு வாடையை அலட்சியம் செய்தவருக்கு இன்ஜினே விலையாகும். 1996இல் உற்பத்திக்கு வந்த முதல் பாக்ஸ்டரில் கூலண்ட் தொட்டி பின்பக்க டிக்கிக்குள் இருக்கிறது. தொட்டி வெடித்தால் டிக்கிக் கம்பளம் நனைந்து அங்கிருந்து வாடை வரும். இன்ஜின் நடுவில், ரேடியேட்டர்கள் முன்னால். முன்பம்பருக்குள் சருகு சேர்ந்து ஈரம் பிடித்து ரேடியேட்டர்களை அரிக்கும் என்பதால் அந்தக் காரில் வாடையை இரு கோடியிலும் தேட வேண்டும். டொயோட்டா எம்ஆர்2விலும் அப்படியே, காரின் நீளம் முழுக்கக் குழாய் ஓடுகிறது.

செவ்ரோலே கோர்வெட்டின் 1992 முதல் 1996 வரையிலான எல்டி1 இன்ஜினில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிறது. பம்ப் கசிந்தால் கூலண்ட் அதன் மேல் வழிந்து இன்ஜின் திக்கித் திணறும். அங்கே ஒரு வாரத் தாமதம்கூடச் செலவு வைக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் கடைசித் தலைமுறையில் காற்றைப் பிரித்தெடுக்கும் சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. அதன் ஒட்டு விட்டுவிடுவது அந்தக் கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதே ஆர்எக்ஸ்-7இல் கிளப்பும்போது எக்ஸாஸ்டிலிருந்து இனிப்பான வெண்புகை வந்தால் கதை வேறு. அந்த ரோட்டரி இன்ஜினின் அடுக்குகளுக்கு நடுவே கூலண்டைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையங்கள் போய்விட்டன என்று அஞ்ச வேண்டும். அதற்கு இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சாதாரண பிஸ்டன் இன்ஜினில் அதே அச்சத்தின் பெயர் ஹெட் கேஸ்கெட். கூலண்ட் குறைகிறது, வெளியே கறை எங்கும் இல்லை, புகைக்குழாயில் இனிப்பு வாடை என்று மூன்றும் சேர்ந்தால்தான் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. காலையில் கிளப்பி ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது என்று பொருள். இதை உறுதிசெய்ய ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது: புரோமோதைமால் புளூ. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போது நீலம் மஞ்சளாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர்தான். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படலம் இருந்தாலே கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்வது தவறு. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரமே அப்படிப் படியும்.

கருவி என்று வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: கையால் அடிக்கும் அழுத்தச் சோதனைப் பம்ப். ஆறிய ரேடியேட்டரின் வாயில் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடித்து, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ போகிறது. ஆறிய நிலையில் ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் சூடேற்றி, மூடியைப் பத்திரமாகத் திறக்கும் அளவுக்கு ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மறுபடியும் செய்ய வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன குளிர்க் கசிவும் சூட்டுக் கசிவும் ஒரே நேரத்தில் தம்மைக் காட்டுவதில்லை. மூடியையும் அதே பம்ப்பில் தனியாகச் சோதிக்கலாம். அப்படியும் பிடிபடாவிட்டால் ஒளிரும் சாயம் கலந்து, சில நாள் ஓட்டி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பது.

கசிவை அடைக்கும் பொடிகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. துளைக்கும் குறுகிய வழிக்கும் அந்தப் பொடிக்கு வித்தியாசம் தெரியாது. காரில் மிகக் குறுகிய வழி ஹீட்டர் கோரின் குழாய்கள், அவை அடைத்துக்கொள்ளும். நடுவழியில் நின்றவர் வீடு சேர்வதற்கு வேண்டுமானால் சரி. ஹீட்டர் கோரைத் துண்டித்து இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிடுவதும் அப்படியான தற்காலிக வேலைதான்; ஆனாலும் கோர்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்ய அது மிகச் சிறந்த சோதனை. கோரை விலக்கியபின் ஒரு வாரம் வாடை இல்லையென்றால் டாஷ்போர்டைக் கழற்றத் துணியலாம்.

எந்தக் கூலண்ட் என்பதில் சண்டை ஓயாது. பழைய ஐரோப்பிய கார்களுக்கு சிலிகேட் கலந்தது, ஜப்பானியக் கார்களுக்கு சிலிகேட் இல்லாமல் பாஸ்பேட் கலந்தது என்பது பொதுவான மரபு. ஐரோப்பாவின் கடின நீரில் பாஸ்பேட் படிவம் சேர்க்கும். சிலிகேட் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது ஜப்பானியரின் கவலை. எதை ஊற்றினாலும் இரண்டு வகையைக் கலக்காமல், தாதுக்கள் நீங்கிய தண்ணீரோடு, காலம் தவறாமல் மாற்றுவதுதான் முக்கியம். நிறத்தை நம்பக் கூடாது. சாயம் ஒரு தரக்குறியீடு அல்ல.

வாடை இனிப்பாக இருப்பதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. திரவமும் இனிக்கும், அது நஞ்சு. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது உருவாகும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறையும். ஒரு தேக்கரண்டி அளவே பூனையின் உயிரை எடுக்கும். வேலை செய்யும் இடத்தில் தட்டில் வடித்துவைத்த கூலண்டை நாய், பூனை, குழந்தை எட்டாத இடத்தில் மூடிவையுங்கள், சிந்தியதைத் தண்ணீர் ஊற்றி உடனே கழுவுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகும் சில நாள் வாடை வரும். மடிப்புகளில் தங்கிய பழைய கூலண்ட் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் மணக்கும். வேலை தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. இன்ஜின் அறையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றி, முழுக்க ஆறவிடுங்கள். பிறகு சேமிப்புத் தொட்டியில் கூலண்ட் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில், கிளப்பும் முன், அந்தக் கோட்டைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கும். அது மிச்சக் காற்று வெளியேறுவது. நிரப்பிப் புதுக் கோடு போட்டு, அடுத்த ஏழு காலைகளும் திரவம் அந்தக் கோட்டிலேயே நின்றால் பானெட்டை மூடிவிட்டு நீண்ட தூரம் போகலாம்.